எடைக்குப் போகும் சக்கரங்கள்

திருவிதாங்கூரின் வெள்ளிக் காசுகளுக்கு இரண்டு விலை. தராசு சொல்வது ஒன்று, வரலாறு சொல்வது இன்னொன்று.

திருவிதாங்கூரில் காசை எண்ணக் கை மட்டும் போதாது, பலகையும் வேண்டும். வெள்ளிச் சக்கரம் என்ற அந்த நாணயம் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான எடைதான். அகலம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. விரல் இடுக்கில் நழுவினால் தேடிப் பிடிக்க முடியாது. அதற்காகவே பிறந்தது சக்கரப் பலகை. மரப் பலகையில் வரிசை வரிசையாகக் குழிகள், ஒரு குழிக்கு ஒரு காசு. ஒரு கைப்பிடியைக் கொட்டிக் குலுக்கி, மிஞ்சியதை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது.

16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற வாய்ப்பாடு திருவனந்தபுரத்தின் பழைய வீடுகளில் இன்னும் மறக்கப்படவில்லை. சக்கரம் பிற்பாடு செம்புக்கு மாறியது. பணமும், கால் ரூபாயும், அரை ரூபாயும் வெள்ளியாகவே தொடர்ந்தன. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் இவை கல்லாப்பெட்டியை விட்டு வீட்டுப் பெட்டிக்குள் போயின.

அந்தப் பெட்டிகளில் பல வலியசாலையில் இருக்கின்றன. கிழக்குக்கோட்டையில் தொடங்கும் சாலை பஜாரைக் கடந்தால் வருவது இந்தத் தமிழ் அக்ரகாரம். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பெருமையோடு குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது பலரின் கருத்து. வீட்டுக்கும் நகைக்கடைக்கும் இடையே நடக்கும் தூரம்தான். பாட்டியின் பெட்டி திறக்கப்படும் நாளில் காசுகளின் தலையெழுத்து அந்தத் தூரத்தில்தான் தீர்மானமாகிறது.

தராசின் கணக்கு எளிது. 2025-ல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் ஒரு சக்கரத்தில் இருக்கும் வெள்ளி சுமார் 35 ரூபாய். ஐந்து கிராமுக்குச் சற்று மேலான அரை ரூபாய்க்குச் சில நூறு. விலை ஏறும்போதெல்லாம் உருக்கும் மூசை முதலில் விழுங்குவது இப்படிப்பட்ட காசுகளைத்தான்.

பழசு வேறு, அரிது வேறு

சேகரிப்பவர்களின் கணக்கு வேறு. பழைய காசெல்லாம் விலை போகும் என்பது புதிதாக வருபவர்களின் முதல் மயக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய முத்திரைக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் அவற்றில் சாதாரணமானவை மலிவு. ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு ரூபாய் அதைவிடப் பல மடங்கு விலை போகிறது. காரணம், அதில் வெளியே வந்தது சொற்பம். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயின் கதையும் அப்படித்தான். மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று கூச்சல் எழுந்தது. அச்சிட்ட சுமார் 94 லட்சத்தில் வெளியே போனது ஏறக்குறைய 7 லட்சம், மற்றவை உருக்கப்பட்டன. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை தப்பின என்பதே விலையை முடிவு செய்கிறது.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். 1939 என்று ஆண்டைத் திருத்திய ரூபாய்கள் சந்தையில் உலவுகின்றன. அனுபவசாலிகள் முதலில் எடை பார்ப்பார்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம். பிறகு விளிம்பின் வரிகளையும் எண்ணின் வடிவத்தையும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காத இன்னொன்று, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளக்கத் தேய்த்த காசு. அழுக்கோடு எழுத்தும் தேய்ந்துபோகும்.

பானை சொல்லும் சேதி

ஆனால் ஒரு காசு அதிகம் பேசுவது கூட்டத்தோடு இருக்கும்போதுதான். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டிய வேலை உறுதித் திட்டப் பெண்களுக்கு ஒரு புதையல் தட்டுப்பட்டது. வெடிகுண்டோ என்றுதான் முதலில் பயந்தார்கள். உள்ளே தங்கப் பதக்கங்கள், முத்துகள், வெள்ளிக் காசுகள். அவர்கள் அதை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். தொல்லியல் துறை பார்த்தபோது கண்ணூர் அலி ராஜாவின் காசு, வீரராயன் பணம், புதுச்சேரி பிரெஞ்சுக் காசு எல்லாம் ஒன்றாக இருந்தன. மலபார்ச் சந்தையில் என்னென்ன புழங்கின என்பதற்கு அந்த ஒரு புதையலே சாட்சி. தனித்தனியே விற்றிருந்தால் அந்தச் சாட்சி கலைந்திருக்கும்.

பழைய சேர நாட்டின் இன்னொரு முனையான கரூரிலும் இதே பாடம். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ஒன்றில் மன்னனின் தலையும், தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயரும் இருந்தன. அதை அடையாளம் கண்டு எழுதியவர் 2021-ல் மறைந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சேரர்கள் தங்கள் பெயரில் வெள்ளிக் காசு அடித்ததற்கு அது நேரடிச் சான்று. உருகியிருந்தால் சில கிராம் வெள்ளி, அவ்வளவுதான்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மண்ணில் கிடைக்கும் புதையலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள். அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பார்க்க விரும்புவோருக்கு நெடுமங்காட்டின் கோயிக்கல் கொட்டாரத்தில் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது.

வீட்டுக் காசுகளுக்கோ செலவில்லாத ஒரு காவல் உண்டு. யாருடையது, எந்த ஊரில் வந்தது, கூட என்ன இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காசோடு வைப்பது. சித்திரைத் திருநாள் காலத்து அரை ரூபாயில் கொல்லம் ஆண்டு 1114 என்று இருந்தால் அது 1938-39. அதற்கு நூறு வயது நிறைவது 2038-39-ல். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருள் அல்ல. அதன் காவல் பெட்டியின் சாவி வைத்திருப்பவர் கையில்.