எருவிட்ட வயலும் இரசாயன உரமிட்ட வயலும்

தொழு உரத்தையும் பசுந்தழையையும் மட்டும் கொண்டு பருத்தி சாகுபடி செய்வதா, கடன் பெற்று இரசாயன உரமும் பூச்சி மருந்தும் வாங்குவதா என்பது வருசநாட்டுக் குடியானவரும் யோசிக்க வேண்டிய விஷயம். ஒரு போக விளைவைக் கண்டு இதற்கு விடை கூறலாகாது. மழையும் பூச்சியும் ஆண்டுக்காண்டு மாறுபடும். ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே முறையைப் பல்லாண்டு இடைவிடாது அனுசரித்தால்தான் உண்மை புலப்படும்.

கோயம்புத்தூரில் இத்தகைய நிரந்தர உரப் பரீட்சை 1909-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. எருவே இடாத பாத்தி, மாட்டெரு மட்டும் இட்ட பாத்தி, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றைத் தனித்தும் சேர்த்தும் இட்ட பாத்திகள் அதில் அடங்கும். 1972-ல் கேழ்வரகும் மக்காச்சோளமும் பயிரிடும் மற்றொரு பரீட்சை அங்கே ஏற்பட்டது. இரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகளைவிட, அதனுடன் தொழு உரமும் பெற்றவை அதிகம் விளைந்தன; அவற்றின் மண்ணில் மக்குப் பொருளும் மிகுந்தது.

இவை உரங்களை ஒப்பிட்டவை. சாகுபடி முறைகளையே முழுமையாக ஒப்பிடும் பரீட்சை, மத்தியப் பிரதேசத்து நிமார் பிரதேசத்தில் 2007-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்து தேசத்து இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் உள்ளூர் பயோரே ஸ்தாபனமும் அதில் ஈடுபட்டன. பயிர்கள் பருத்தி, சோயா, கோதுமை.

முதல் ஈராண்டில் (2007–2008) இயற்கை முறைப் பாத்திகளில் பருத்தி 29 சதவீதமும் கோதுமை 27 சதவீதமும் குறைந்தன. சோயா ஏறக்குறையச் சமமாயிருந்தது. விளைவின் கிரயத்தில் சாகுபடிச் செலவு போக நின்ற மிச்சம், இரசாயன முறையில் 29 சதவீதம் அதிகம். அடுத்த ஈராண்டில் (2009–2010) பருத்தியும் கோதுமையும் இரு முறைகளிலும் ஒத்து விளைந்தன. இரசாயன முறைப் பாத்திகளின் விளைவு குறைந்ததே இதற்குக் காரணம். இயற்கை முறையில் செலவு குறைவாதலால், இம்முறை அதன் மிச்சம் 25 சதவீதம் உயர்ந்து நின்றது.

2008-ல் பரீட்சையை நிறுத்தியிருந்தால் ஒரு தீர்ப்பு; 2010-ல் நிறுத்தியிருந்தால் அதற்கு நேர்மாறான தீர்ப்பு. இதில் சங்க அங்கத்தினர் கவனிக்கத்தக்கது யாதெனில், வருமானம் குறையக்கூடிய முதலாண்டுகளிலும் கடன் தவணை தவறாமல் வந்து சேரும் என்பதே. ஆகவே நிலம் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்றுதல் விவேகமன்று.

நிமாரின் கரிசல் மண் வேறு, வருசநாட்டின் மலைச்சரிவு மண் வேறு; அவ்விடத்துக் கணக்கு இவ்விடத்துக்கு அப்படியே பொருந்தாது. பரீட்சை முறையோ எங்கும் பொருந்தும். ஒரே வயலில் இரு சமபாகங்களை ஒதுக்கி, ஒரே விதையை ஒரே நாளில் விதைக்க வேண்டும். இரண்டின் மகசூலையும் தனித்தனியே நிறுத்து, வீட்டாரின் உழைப்புக் கூலி உட்படச் செலவனைத்தையும் எழுதி வைக்க வேண்டும். நான்கு ஆண்டுக்குக் குறையாமல் இவ்வாறு செய்தல் நலம். அங்கத்தினர் பலர் இக்கணக்குகளைச் சங்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பாராயின், தத்தம் மண்ணுக்கு ஏற்ற முறையைக் கடன்படாமலே அறிந்துகொள்ளலாம்.