ஆண்டாள் கொண்டை: பூவுக்குள் மறையும் கட்டுமானம்

தலையின் இடப்பக்கம் சாய்த்துக் கட்டும் பெரிய கொண்டைக்கு ஆண்டாள் கொண்டை என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கோலத்தைப் பார்த்து எழுந்தது இது. ஐயங்கார் கல்யாணத்தில் மடிசார் கட்டிய மணப்பெண்ணுக்கும், மேடையில் ஆண்டாளாக ஆடும் நாட்டியப் பெண்ணுக்கும், மார்கழியில் வேடம் போடும் குழந்தைக்கும் இதைக் கட்டுகிறார்கள். வெளியே முடியும் பூவும் மட்டுமே தெரியும். கொண்டையின் பருமனோ பெரும்பாலும் உள்ளே இருக்கும் திணிப்பால் வருவது. அந்தத் திணிப்பைச் சாயாமல் நிறுத்துவதுதான் இதில் உள்ள மெய்யான வேலை.

பக்கவாட்டில் சரியும் பெருங்கொண்டையை விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பங்களிலும் காணலாம். ஆண்டாள் கதையை ‘ஆமுக்தமால்யதா’ என்று தெலுங்கில் காவியமாக்கிய விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர். பழைய கொண்டையை மறுபடி கட்ட விரும்புகிறவர் சிற்பத்தின் முகத்தைப் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. பக்கவாட்டிலும் பின்புறமும் போய்ப் பார்த்தால்தான் முடி எங்கே திரண்டு, எந்தப் பக்கம் திரும்பி, எங்கே முடிச்சாகிறது என்பது பிடிபடும்.

அப்படிப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சான்று உண்டு. பால்டிமோர் நகரின் சிகையலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீவன்ஸ், ரோமப் பேரரசி ஜூலியா டோம்னாவின் மார்பளவுச் சிலையை அருங்காட்சியகத்தில் பின்புறமாகப் பார்த்து, அந்த அலங்காரத்தைத் தாமே செய்து பார்க்க முனைந்தார். ஊசி குத்திப் பார்த்தார், நிற்கவில்லை. ஊசியும் நூலும் கொண்டு முடியைத் தைத்தபோது நின்றது. 2008இல் ரோமானியத் தொல்லியல் ஆய்விதழ் ஒன்றில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஏட்டறிவால் மட்டும் எட்ட முடியாத ஒன்றைத் தொழில் தெரிந்த கை கண்டுபிடித்தது. ஆண்டாள் கொண்டையைப் போலவே, 1770களில் பிரெஞ்சு அரசவைப் பெண்கள் தலைக்கு மேல் எழுப்பிய முடிக் கோபுரங்களுக்கும் உள்ளே கம்பியும் கம்பளித் திணிப்பும்தான் ஆதாரம்.

ஆண்டாள் கொண்டைக்கு முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுவது நல்லது. அன்றே குளித்த முடி வழுக்கும், ஊசி பிடிக்காது. நடு உச்சி எடுத்து, நெற்றிச்சுட்டிக்கும் இருபுறம் வைக்கும் சூரியப்பிறை, சந்திரப்பிறைக்கும் முன்முடியைப் படிய வாரிக்கொள்ள வேண்டும். மற்ற முடி முழுவதையும் இடக் காதுக்கு மேலே, உச்சியை ஒட்டிச் சேர்த்துக் கறுப்புக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். கொண்டையின் முழு எடையும் இந்த ஒரு கட்டில்தான் தொங்கும். இது தளர்ந்தால் பிறகு எத்தனை ஊசி குத்தியும் பயனில்லை. முடி குட்டையானால் இங்கேயே சவுரி சேர்த்துவிடலாம்.

கட்டின் மேல் திணிப்பு உட்காரும். பழைய சவுரி முடியையோ பஞ்சையோ கொண்டை வலைக்குள் உருட்டி வைப்பது வழக்கம். பஞ்சு இலேசாக இருப்பதால் குழந்தைகளுக்கு அதுவே ஏற்றது. அதன் மேல் முடியைக் குடைபோல் நாற்புறமும் பரப்பி, அடியில் கயிறு சுற்றி, மிஞ்சிய நுனியைப் பின்னி அடிவிளிம்பைச் சுற்றிச் செருகினால் கயிறு மறையும். கொண்டை ஊசியை நேராகக் குத்தக் கூடாது. வெளிப்பக்கம் சாய்த்துக் கொஞ்சம் முடியைக் கோத்து, பிறகு திருப்பிக் கொண்டையின் நடுவை நோக்கி அழுத்தினால்தான் அது பூட்டிக்கொள்ளும்.

எடை முழுவதும் இடப்பக்கம் இழுப்பதால், வலப்பக்க அடிமுடியில் ஊசிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பூட்டி அந்த இழுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். பூவைச் சுற்றுவதற்கு முன் தலையைக் குனிந்தும் திரும்பியும் சோதித்துவிடுவது நல்லது. மணவறையிலும் மேடையிலும் குனியாமல் இருக்க முடியாது. நீர் தெளித்த மல்லிகைச் சரம் எடையை இன்னும் கூட்டும். இதழ் தடித்து நெடுநேரம் வாடாத மதுரை மல்லி இதற்குப் பொருத்தம். அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஊரின் காற்றும் கணக்கில் வரும். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட அனுப்பம்பட்டு முதல் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை கடல்காற்றில் ஈரம் அதிகம். மனித முடி அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிசிறும். நைலான் சவுரி அவ்வளவாக உறிஞ்சாது. இப்படிப்பட்ட ஊர்களில் உள்ளே நைலானும் மேலே சொந்த முடியும் வைத்து, மெல்லிய கறுப்பு வலை போர்த்துவது கைகொடுக்கும்.

அவிழ்க்கும்போது முதலில் பூ, பிறகு ஊசி, கடைசியில் கட்டு. அவசரப்பட்டுச் சவுரியை இழுத்தால் சொந்த முடியும் வேரோடு வரும். அடிக்கடி இறுக்கிக் கட்டிக்கொள்ளும் நாட்டியக்காரர்களுக்கு நெற்றியோர முடி மெலிவது உண்டு. நிகழ்ச்சி முடிந்த உடனே அவிழ்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, அடுத்த சில நாள் தளர்வாகப் பின்னிவிடுவது அவர்களுக்கு அவசியம். சவுரியைச் சிக்கெடுத்து, அலசி, நிழலில் உலர்த்தி, துணியில் சுற்றி வைத்தால் பல கல்யாணங்களுக்கு உழைக்கும்.