சைக்கிள் ஓட்டினால் தொடை உரசிப் புண்ணாகுதா?

1991-92ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். இன்றும் வேலைக்கும் வங்கிக்கும் சைக்கிளில் போகிற உறுப்பினர்கள் குழுக் கூட்டத்தில் எங்களிடம் காதோடு காதாகக் கேட்பது இந்தப் புண்ணைப் பற்றித்தான்.

வியர்வையும் உரசலும் சேர்ந்தால் தோல் உரியும். முதலில் சீட்டைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். சீட் அதைவிட உயரமா இருந்தா இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி உரசும். ரொம்பத் தாழ்வா இருந்தா பாரமெல்லாம் சீட்டில்தான், முட்டியும் வலிக்கும். வீட்டுக்காரர் உயரத்துக்கு வைத்த சீட்டில் நாம ஏன் கஷ்டப்படணும்? ஒரு ஸ்பானர் போதும், இறக்கிடலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்வை தங்கும்.

கிளம்பும் முன் தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தடித்த தையல் உள்ள உள்ளாடை அறுக்கும். மாதவிலக்கில் நனைந்த நாப்கின் ஓரமும் அப்படித்தான், உடனே மாற்றணும். வீடு வந்ததும் கழுவி, ஈரம் ஒற்றி, உலர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள்.

புண்ணானால் ஆறும்வரை சைக்கிள் வேண்டாம். சீழ், காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறு புண் வந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போகணும். நர்ஸம்மாவிடம் சொல்ல வெட்கம் எதுக்கு?