‘உப்பு கூடிவிட்டது’: மக்கள் வழக்கும் சிறுநீரக அயனிக் கடத்தலும்

சேலம் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தில் சிறுநீரக நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவைக் குறிக்க ‘உப்பு கூடிவிட்டது’ என்று சொல்வது பெருவழக்கு. தமிழகத்தின் பிற பகுதிகளிலும் இவ்வழக்கு உண்டு. இங்கு உப்பு எனப்படுவது கிரியேட்டினின் அல்லது யூரியா. கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் ‘உப்பு இருக்கிறது’ என்னும்போதோ அதே சொல் அல்புமின் என்னும் புரதத்தைச் சுட்டுகிறது. இம்மூன்றும் வேதியியல் நோக்கில் உப்புகள் அல்ல. ஒரே சொல் பல பொருள்களை ஏற்பதால் நோயாளியின் உணவுமுறையில் நேரும் குழப்பத்தைச் சிறுநீரக அயனிக் கடத்தலின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதனுடன் வெளியேறும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும். நாம் உண்பதோ சில கிராம் மட்டுமே. வடிந்ததில் நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் நுண்குழல்கள் மீட்டெடுப்பதால்தான் உடல் நிலைபெறுகிறது. எனவே சிறுநீரகத்தைக் ‘கழிவு நீக்கும் உறுப்பு’ என்று மட்டும் கூறுவது அதன் பணியில் பாதியை மறைப்பதாகும்.

இம்மீட்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மருத்துவ அறிவியலாளர் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் வெளியிட்ட ஆய்வு அடிப்படையாயிற்று. மரப்பு மருந்துகளின் செயற்பாட்டை ஆராயத் தொடங்கிய அவர், கரையோர நண்டின் கால் நரம்பில் ஒரு நொதியைக் கண்டறிந்தார். அது ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நண்டின் காலில் கிடைத்த இந்தச் சோடியம்–பொட்டாசியம் ஏற்றியே சிறுநீரக நுண்குழல் செல்களிலும் இயங்குகிறது. அது இரத்தப் பக்கச் சவ்வில் நின்று செல்லினுள் சோடியத்தைக் குறைத்துவைக்கிறது. அதனால் குழலிலுள்ள சோடியம் உள்ளே பாய்கிறது. குளுக்கோசும் அமினோ அமிலங்களும் அதனுடன் சேர்ந்து மீள்கின்றன. ஸ்கூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல். அதுவும் மருத்துவத்திற்கன்று, வேதியியலுக்கு.

கிரியேட்டினினின் நிலை வேறு. தசையில் உண்டாகும் இக்கழிவை நுண்குழல் மீட்பதில்லை. ஆகவே இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தால் வடிகட்டும் திறன் குறைந்துள்ளது என்று பொருள். உணவில் உப்பு மிகுந்தது என்பதன்று. கிரியேட்டினின் உயர்ந்த நிலையிலும் சோடியம் இயல்பான அளவில் இருக்கக்கூடும்.

நோயாளி உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்திற்கும் வீக்கத்திற்கும் நல்லதே. சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. உப்பென்றால் நாவில் கரிப்பது என்று கொள்வோர், கரிக்காத இளநீரை ஐயமின்றி அருந்துகின்றனர். இளநீரிலோ பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் நுண்குழலின் பிற்பகுதியில் பொட்டாசியத்தைச் சுரந்து வெளியேற்றிவிடும். பழுதுற்றதால் அது இயலாது. இரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கவல்லது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படுபவற்றிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதுண்டு. இந்துப்புக்கு மாறினால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் பரவியுள்ளது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே.

வெயிலில் உழைப்போரிடம் இவ்வுறுப்பு படும் பாட்டை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஆராய்ந்துள்ளனர். தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் நடந்த அவ்வாய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. நூற்றுக்கு 7 பேரிடம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வியர்வையால் நீர் குறையும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதி குறைகிறது. அயனி ஏற்றிகளுக்கு வேண்டிய உயிர்வளி கிடைப்பதும் அரிதாகிறது. கழிப்பறை இல்லாத பணியிடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பது இதனை மேலும் கடுமையாக்கும். ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் கோடையில் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும்.

கலைச்சொல்லாக்கத்தில் அயனி, சவ்வு முதலியன பாடநூல்களில் நிலைத்துவிட்டன. பரிசோதனைக்கூடத்திற்கும் நோயாளிக்கும் இடையே வழங்கும் பேச்சில்தான் இடைவெளி உள்ளது. அங்குக் கிரியேட்டினினை ‘இரத்தக் கழிவு’ எனவும் அல்புமினைப் ‘புரதம்’ எனவும் சொன்னால் ‘உப்பு’ என்ற சொல் சோடியத்திற்கு மட்டும் எஞ்சும். பொட்டாசியத்திற்குத் தமிழ்ப்பெயர் தேடுவதைக் காட்டிலும், அது இளநீரில் உள்ளது என்பதை அப்பெயராலேயே சொல்லிவைப்பது பயனுடையது.