குறைவாக ஓடிய பழைய கார்: வாங்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கார் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்தால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதற்குத் தனி மரியாதை. "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, ஷெட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை" என்று புரோக்கர் சொல்லும்போதே வாங்க வந்தவர் மனம் பாதி இளகிவிடும். சொந்தக் கார் வருடத்துக்குச் சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அந்தக் கணக்கில் பன்னிரண்டு வருட வண்டி லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மீட்டர் 28,000 காட்டினால் ஒன்று, வண்டி உண்மையிலேயே நின்றுகொண்டே இருந்திருக்கிறது. இல்லையென்றால் யாரோ மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். மீட்டரைத் திருப்புவது மோசடி என்பது எல்லோருக்கும் தெரியும். நின்றுகொண்டே இருந்ததும் வண்டிக்கு ஒரு கேடு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சோழவந்தான் போன்ற ஊரில் ஓடாத கார் என்பது நம்ப முடியாத கதை அல்ல. மதுரைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மதுரை–திண்டுக்கல் ரயில் பாதையில் ஊருக்கு நிலையம் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. அன்றாடப் போக்குவரத்துக்குக் கார் தேவைப்படாது. கல்யாணம், ஆஸ்பத்திரி, வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் உறவினரை அழைத்துவருவது என்று எப்போதாவது வெளியே எடுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்த வண்டியென்றால் அவர் லீவில் வரும் மாதம் மட்டும் ஓடும். வேப்பமரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ மற்ற நாளெல்லாம் உறை போர்த்தி நிற்கும்.

அப்படி நிற்கும் வண்டியில் முதலில் கெடுவது ரப்பர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 1814 என்றால் 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விரியும். ஐந்து வருடம் ஆன டயரை வருடந்தோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனதை எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பலவும் சொல்லும் வரம்பு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற டயர் தரை பட்ட பக்கம் தட்டையாகி, வேகத்தில் ஸ்டீயரிங்கை ஆட்டும். சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ், கதவு பீடிங் எல்லாமே ரப்பர்தான். அவை கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை. வெயிலும் வருடமும் போதும்.

டைமிங் பெல்ட்டும் இதே இனம். மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ போன்ற வண்டிகளில் இன்ஜினுக்குள் வால்வுகளை நேரம் பிசகாமல் திறந்து மூட வைப்பது இந்தப் பெல்ட். இன்ன கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பதுதான் விதி. "முப்பதாயிரம்கூட ஓடவில்லையே" என்று மாற்றாமல் விட்ட பெல்ட் நடுவழியில் அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து, பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். பிந்தைய பல மாடல்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் உண்டு. வாங்கப்போகும் வண்டியில் எது இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஜின் ஆயிலையும் ஓட்டத்தை மட்டும் பார்த்து மாற்றக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கடைவீதி வரை போய்த் திரும்பும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் சரியாகச் சூடேறாது. உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து கூழாகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கம் பார்த்தால் வெண்மஞ்சளாக மோர் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பது தெரியும். சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிப்பதற்கும் இந்த ஈரம்தான் காரணம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். சோழவந்தான் தெருவில் அது தெரியாது; கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி அழுத்தி வரும்போது பெடல் தரைவரை போகும். ஏசியை மாதக்கணக்கில் போடாமல் விட்டால் கம்ப்ரெஸர் சீல் காய்ந்து கேஸ் கசியும்.

பெட்ரோலையும் மறந்துவிடக் கூடாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்த அளவு எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அடிக்கடி ஓடித் தீர்ந்து புது பெட்ரோல் நிரம்பும் டாங்கை விட, அரை டாங்கோடு ஆறு மாதம் நின்ற வண்டிக்குத்தான் தொல்லை அதிகம்.

சுற்றிலும் வயல் உள்ள ஊரில் எலிக்கு நிற்கும் கார் நல்ல வீடு. பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்பைக் கழற்றினால், சில வண்டிகளில் நெல் உமியும் பஞ்சும் கடித்த துணியுமாகக் கூடு இருக்கும். கூட்டை எடுத்து எறிந்துவிடலாம். கடித்த ஒயரைத் தேடுவதுதான் பாடு. ஒரு நாள் ஹெட்லைட் எரியாது, இன்னொரு நாள் ஏதோ எச்சரிக்கை விளக்கு அணையாது. ஒயரில் கறுப்பு டேப் புதிதாகச் சுற்றியிருந்தால் ஏன் என்று விற்பவரிடம் நேராகக் கேட்பதே சரி.

மீட்டர் காட்டுவது உண்மையா என்பதை வண்டியே சொல்லும். டிஜிட்டல் மீட்டரையும் மாற்ற முடியும் என்பதால் எண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. பிரேக், கிளச் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங்கின் மேல்பகுதி பளபளத்து, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க விளிம்பு அமுங்கியிருந்தால் 28,000 என்பது பொய். ஆயில் மாற்றிய கடைக்காரர் ஒட்டிய பழைய ஸ்டிக்கரில் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியானால், ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரை உரிமையாளர் கேட்டு வாங்கித் தர முடியும். அதைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் சில நேரம் 'குறைவாக ஓடியது' என்ற பெயரில் வரும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி குழியிலும் சீட்டின் அடி போல்ட்டிலும் துரு இருக்கும். டெல்லிப் பதிவு வண்டி இன்னொரு வகை. தலைநகர்ப் பகுதியில் பத்து வருடம் கடந்த டீசல் கார்களுக்கும் பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் கார்களுக்கும் வந்த கட்டுப்பாடுகளால் அங்கே விலை இறங்கியது. ஆனால் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, மறுபதிவு செய்யும் செலவையும் சேர்த்தால் பெரிய லாபம் மிஞ்சாது.

ஓட்டிப் பார்க்கும்போது காலையில் போவது நல்லது. பானட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த வண்டியில் குறை தெரியாது. முதலில் குண்டும் குழியுமான தெருவில் மெதுவாக விட்டால் புஷ் சத்தம் கேட்கும். பிறகு வாடிப்பட்டிக்குப் போய் நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் டயரும் வீல் பேரிங்கும் தங்கள் நிலையைச் சொல்லிவிடும்.

காகிதங்களில் முதலில் பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். 2014இல் பதிவான கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் 2029இல் சோதனைக்கு நின்று, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. கடன் பதிவு, அபராதம், இன்சூரன்ஸ் ஆகியவற்றை அரசின் எம்பரிவாகன் செயலியில் பார்க்கலாம். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் எச்.பி. என்ற கடன் பதிவு ரத்தாகியிருக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆகவே விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

விலையை இப்படிக் கணக்கிடலாம். அதே வருடம், அதே மாடல், சராசரியாக ஓடிய வண்டிக்கு என்ன விலையோ அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நான்கு டயர், பேட்டரி, பெல்ட், ஹோஸ், எல்லா ஆயில்களும் மாற்றும் செலவைக் கழிக்க வேண்டும். சின்னக் காருக்கே இதற்கு முப்பது, நாற்பதாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது. சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருந்தால் மட்டும் குறைந்த கிலோமீட்டருக்காகக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, புது வண்டிகளின் விலையும் இறங்கியிருக்கிறது. பழைய வண்டிக்கு முந்தைய விலையையே சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

விலைக்கு அப்பால் உயிர் இருக்கிறது. டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதல் சோதனைக்கு எடுத்த ஐந்து சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகள் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் அடிக்கடி போகிறவர், மீட்டர் எண்ணைவிட ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஊருக்குள்ளும் வாரம் ஒருமுறை மதுரைக்கும் ஓட்ட நினைப்பவருக்கு, ரசீதும் சர்வீஸும் சரியாக உள்ள ஓடாத கார் நல்ல பொருள். ரசீது ஒன்றுகூட இல்லாமல் 25,000 ஓடியதையும், வருடா வருடம் சர்வீஸ் பார்த்து 70,000 ஓடியதையும் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டாவதையே எடுக்கலாம். எதை எடுப்பதானாலும், தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போய் வண்டியைக் காட்டுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வேண்டாம். கொடுப்பதற்கு முன்பே காட்டுங்கள்.