பின்பக்கமா வாங்கக்கா!

"பின்பக்கமா வாங்கக்கா. வயரைப் பார்த்து மிதிங்க!"

ஆகா, இந்த அழைப்புக்காக எத்தனை திருவிழா காத்திருந்தேன்! டிஜே போடுகிற மேசைக்கு முன்னால் செருப்புத் தொலைய ஆடியிருக்கிறேன். அந்த மேசைக்குப் பின்னால் ஒருநாளும் போனதில்லை. அங்கே நிற்கிறவர் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு எதையோ திருகுவார், எதையோ தள்ளுவார், கையைத் தூக்குவார், மைதானமே குதிக்கும். திருகுவதற்கும் குதிப்பதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று வந்திருக்கிறேன்.

இடம், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டம். மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு. தேர் கோயிலுக்குத் திரும்பியாயிற்று. பிள்ளைகள் பந்தடிக்கிற மைதானத்தில் ஒரு லொறியின் பக்கப் பலகைகளை இறக்கி, அதையே மேடையாக்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் உறுமுகிறது. விளக்கு வெளிச்சத்தில் பனிமூட்டம் புகையாய் மிதக்கிறது. கொழும்பு கிளப்புகளில் இதற்காகக் காசு கொடுத்து மெஷின் வைக்கிறார்கள். எங்கள் மலையில் இலவசம்!

இன்றைய நாயகனுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பகலில் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரவில், அறையில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, லெப்டொப்பில் இசை செய்கிறார். "பேரைப் போட்றாதீங்கக்கா. முதலாளி பத்திரிகை படிப்பாரு. காய்ச்சல்னு சொல்லித்தான் லீவு எடுத்திருக்கேன்." சரி தம்பி, போடவில்லை!

மேசையில் என்னென்ன இருக்கிறது?

முதல் அதிர்ச்சி: மேசை சின்னது. கோயில் பிரசாதம் கொடுத்த அதே மேசை. மேலே ஒரு கறுப்புத் துணி. அதன்மேல் இரண்டு பிளேயர், நடுவில் மிக்சர், பக்கத்தில் லெப்டொப், அதன் முன்னால் சதுரச் சதுரமாய் மின்னுகிற ஒரு பட்டன் பலகை. ஒரு மூலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும். அம்மா கொடுத்தனுப்பியது.

இரண்டு பிளேயரும் மிக்சரும் டிஜே வேலைக்கு. ஒன்றில் பாட்டு ஓடும்போது மற்றதில் அடுத்த பாட்டின் வேகத்தைச் சரிபார்த்து, சனத்துக்குத் தெரியாமல் ஒன்றை ஒன்றுக்குள் நுழைப்பது. ஒரு காதில் மட்டும் ஹெட்போன் ஏன் என்பதும் புரிந்துவிட்டது! அந்தக் காதில் இன்னும் வெளியே வராத பாட்டு. திறந்திருக்கிற காதில் மைதானம் கேட்கிற பாட்டு. இரண்டு அடிகளும் மண்டைக்குள் ஒன்றாய் விழும்வரை விரலால் தள்ளித் தள்ளிச் சேர்க்க வேண்டும். இப்போதைய பிளேயர்களில் அதைத் தானே செய்துகொள்ள ஒரு பட்டனும் உண்டு. "அமுக்கலாம்கா. ஆனா காதை நம்பிப் பழகுனாத்தான் மெஷின் தப்புப் பண்ணுறப்ப பிடிக்கலாம்."

லெப்டொப்பும் பட்டன் பலகையும் வேறு ஆட்டத்துக்கு. தானே செய்த இசையை மேடையில் பிரித்துப் போட்டுக் கட்டுகிற ஆட்டம். அதற்குப் பெயர்தான் 'லைவ் செட்'. 2001இல் ஜெர்மனியின் பெர்லின் நகரிலிருந்து வந்த 'ஏபிள்டன் லைவ்' என்ற மென்பொருள்தான் இதைப் பரவலாக்கியது. பாட்டை டிரம் தனி, பாஸ் தனி, மெட்டுத் தனி, குரல் தனி என்று துண்டுகளாக்கி ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்றை வைத்திருக்கிறார் தம்பி. எந்தத் துண்டை எப்போது அமுக்கினாலும் அடுத்த தாளக் கட்டு தொடங்கும்வரை அது காத்திருந்து, சரியான இடத்தில் குதிக்கும்.

"அப்படியென்றால் எல்லாம் முன்னாடியே செய்ததுதானே?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"கொத்துக் கடைக்குப் போயிருக்கீங்களாக்கா? ரொட்டி முன்னாடியே போட்டதுதான். லீக்ஸ், வெங்காயம் எல்லாம் வெட்டி வச்சதுதான். ஆனா கல்லுல கொத்துறது அந்த நேரத்துலதானே?"

அடடா! இதைவிட அழகாக எவர் சொல்ல முடியும்? கொத்து ரொட்டிக்காரரின் இரண்டு தகடுகளும் தாளம் போடுவதை நினைத்துப் பாருங்கள். தம்பியின் இரண்டு கைகளும் அதேபோலத்தான் ஓடுகின்றன.

15 விநாடி மாயம்

இனி நான் உங்களுக்குச் சொல்லப்போவது பெரிய ரகசியம். மைதானம் குதிக்கிற அந்தக் கணத்துக்கு 'டிரொப்' என்று பெயர். அதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 128 அடி. இந்த வேகத்தில் 32 அடி போக அச்சொட்டாக 15 விநாடி ஆகும். முதலில் மிக்சரின் ஒரு திருகைத் திருப்பி, பாஸை மெல்ல மெல்ல வடித்துவிடுகிறார். சனத்துக்குக் காரணம் தெரியாது. காலடியில் நிலம் நழுவியதுபோல் இருக்கும். அடுத்து, ஸ்னேர் அடி இரட்டிக்கிறது, மறுபடி இரட்டிக்கிறது. கூடவே ஓர் இரைச்சல் விசில்போல் மேலே மேலே ஏறுகிறது. 32ஆவது அடியில் எல்லாம் நிற்கிறது. நிசப்தம்! அரை விநாடிகூட இருக்காது. அதற்குள் தம்பி சனத்தைப் பார்க்கிறார், கையைத் தூக்குகிறார், விடுகிறார்...

தும்! பாஸ் திரும்பி வந்துவிட்டது. லொறியோடு நானும் குலுங்கினேன்.

பாஸ் என்பது சின்ன விஷயமா என்ன! 50 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்று கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். 10க்கு 12 அடி லயத்துக் காம்பரா ஒன்றுக்குள் அது அடங்காது. இரண்டைச் சேர்த்துத்தான் படுக்க வைக்க வேண்டும். அது காதைவிட நெஞ்சில்தான் கேட்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்தக் குளிரில் ஒலி விநாடிக்கு சுமார் 338 மீட்டர்தான் ஓடும். மைதானத்துக்கு மேலே ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி, மேட்டு லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டி தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கிற அடி சரியாக ஒரு அடி பிந்தியது! நாங்கள் இரண்டில் இருக்கும்போது பாட்டி ஒன்றில் இருக்கிறார். ஆனாலும் தாளம் தப்பவில்லை.

பெரிய மேடைகளின் குட்டு

உலகத்தின் பெரிய பெரிய மேடைகளிலும் இதுதானா நடக்கிறது? எப்போதும் இல்லை! விளக்கு, திரைக்காட்சி, வாணவேடிக்கை எல்லாம் ஒரே நொடியில் வெடிக்க வேண்டுமென்றால், இசையோடு கண்ணுக்குத் தெரியாத நேரக் குறியீடு ஒன்றையும் ஓட விடுவார்கள். இசைக் கலைஞர் இஷ்டத்துக்கு மாற்றினால் வாணம் தவறான இடத்தில் வெடிக்கும். ஆகவே மாற்ற மாட்டார். கனடாவின் இசைக் கலைஞர் டெட்மவ்ஸ் 2012இல் இதை வெளிப்படையாகவே எழுதி, நாங்கள் எல்லாரும் பெரும்பாலும் பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்று போட்டு உடைத்தார். பெரிய சலசலப்பு!

எதிர்ப்பக்கத்தில் பாருங்கள், மும்பையின் சரண்ஜித் சிங். சினிமா வாத்தியக்காரர். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8 என்ற மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டுப் போட்டார். விற்கவில்லை. அதே மாதிரி ஒலியோடு சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்தது அதற்குச் சில வருஷம் கழித்துத்தான். 2010இல் தட்டு மறுபடி வெளிவந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. முதுமையில் அந்தப் பழைய கருவிகளோடு ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்துவிட்டு, 2015இல் காலமானார்.

நம்ம பக்கத்துப் பிள்ளையை விடுவேனா? யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ., 2005இல் வந்த 'அருளர்' தட்டுக்கான அடித்தளத்தை ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியில் தட்டித் தட்டித்தான் போட்டார். ஒரு பெட்டி, ஒரு படுக்கையறை. "அதைக் கேட்டுட்டுத்தான்கா எனக்கும் தைரியம் வந்துச்சு," என்கிறார் தம்பி.

தப்பு காய்கிறது

லொறிக்குப் பின்னால் சின்ன நெருப்பு. நான் குளிர்காய என்று நினைத்தேன். இல்லை! ஒரு தாத்தா தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பனியில் தோல் தொய்ந்துவிடும். சூடு காட்டினால்தான் இறுகி, 'ணங்'கென்று பேசும். அதே நேரம் மேடையில் தம்பி சாரத் துணியால் லெப்டொப்பில் படிந்த பனித்துளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு நெருப்பு, ஒருவருக்குத் துணி. மலைக் குளிர் இருவரையும் ஒரே மாதிரித்தான் படுத்துகிறது.

இன்றைய இரவின் கடைசி ஆட்டம் இவர்கள் இருவரும் சேர்ந்து. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு விடிய விடிய அடித்துப் பழகிய கை தாத்தாவுடையது. தப்புக்கு முன்னால் ஒரு மைக்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஹவுஸ் இசை நாலு நாலாய் நடக்கும். நம் குத்தும், 'சுராங்கனி' போன்ற பைலாவும் மூன்று மூன்றாய்த் துள்ளும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? பெரிய அடியை மட்டும் அசையாமல் 128இல் வைத்துக்கொண்டு, அடிக்கும் அடிக்கும் நடுவில் இருப்பதை இரண்டு, நாலு துண்டுகளிலிருந்து மூன்றாக மாற்றிவிடுகிறார் தம்பி. கால் மாறவில்லை, இடுப்பு மாறிவிட்டது! மைதானத்தின் ஓரத்தில் வெட்கப்பட்டு நின்ற அக்காமார்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

தாத்தா தொடங்கினார். ஒரு நிமிடம் எல்லாம் தேன். பிறகு சனத்தின் சத்தம் ஏறியது. தாத்தாவின் கையும் ஏறியது. 128 என்ற எண்ணெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? 130, 132... லெப்டொப் பின்தங்குகிறது. இரண்டு தாளமும் முட்டிக்கொள்ளப் போகின்றன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தம்பி டிரம் துண்டுகளை ஒரே வீச்சில் அணைத்தார். தப்பு மட்டும் தனியாக! சனம் அதை 'டிரொப்'புக்கு முன்னோட்டம் என்று நினைத்துக் கத்துகிறது. அவரோ குனிந்து, தாத்தாவின் கைக்கு ஏற்ப ஒரு பட்டனைத் தட்டுகிறார், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தட்டும் வேகத்தை அளந்து லெப்டொப் 136க்கு ஏறிக்கொண்டது. தலையை நிமிர்த்தித் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா தாடையை அசைத்தார். பாஸ் விழுந்தது. தும்!

கடவுளே, அந்தச் சத்தம்! பட்டனை மட்டும்தான் அமுக்குகிறார்களா என்று இனி எவராவது என்னிடம் கேட்கட்டும்.

அனுமதி நேரம் முடிந்தது

பொலிஸ் அனுமதிச் சீட்டில் எழுதிய நேரத்துக்கு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். காது ரீங்கரிக்க, பிளேன்டி குடித்தபடி தாத்தாவிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"எங்கப்பா பெரட்டுத் தப்பு அடிச்சவரு புள்ள. விடியக் கருக்கல்ல அவரு அடிச்சா சனம் கண்ணைத் தொடச்சிக்கிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடும், வேலைக்கு. இன்னைக்கும் சனம் ஓடித்தான் வந்துச்சு." கோப்பையை நெருப்பு ஓரம் வைத்தார். "இதுங்க சிரிச்சிக்கிட்டு ஓடி வந்துச்சுங்க."

தம்பிக்கு இது கேட்டதா என்று தெரியவில்லை. கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். காலையில் கடை திறக்கும்போது காய்ச்சல் குணமாகியிருக்க வேண்டும்.

"அக்கா, சும்மாதானே நிக்கிறீங்க? அந்த வயரைச் சுத்திக் குடுங்க. முறுக்கிடாம!"

சுற்றினேன். இரண்டு முறை முறுக்கினேன், தம்பி இரண்டு முறையும் பிரித்துக் கொடுத்தார்.