வில் வினைஞரைத் தேடி

காஞ்சிபுரத்தை ஒருநாள் சுற்றிவரும் மாணவர் மூன்று வகையான வில்லைக் கண்டு திரும்பலாம். காமாட்சியம்மையின் திருக்கையில் இருப்பது கரும்பு வில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில், முப்புரம் எரித்த சிவபெருமான் ஏந்தியிருப்பது கல் வில். நகரை அடுத்த சிற்றூர்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவில், தவத்துக்குப் புறப்படும் அருச்சுனன் தாங்கி வருவது கூத்து வில். கல்யாணமுருங்கை போன்ற இலேசான மரத்தில் முடியும் புயகீர்த்தியும் செதுக்கி, வண்ணமும் கண்ணாடியும் பதித்து அணிவது அக்கூத்தின் மரபு. அம்மர அணிகளுக்குக் ‘கட்டை’ என்று பெயர். அதனாலேயே அக்கலையைக் கட்டைக்கூத்து என்றும் வழங்குகின்றனர்.

இம்மூன்று வில்லுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவற்றுள் எதுவும் அம்பு எய்ய வேண்டியதில்லை. கண்டோர் “இது வில்” என்று அறிந்தால் போதும். ஆதலால் இவற்றைச் செய்த சிற்பிக்கும் தச்சருக்கும் வில்லின் வடிவம் தெரிந்திருந்தால் போதுமானது. ஆனால், உண்மையாகவே வளைந்து, நாணின் இழுப்பைத் தாங்கி, ஆயிரம் முறை எய்த பின்னும் முறியாத மரவில் ஒன்று நமக்கு வேண்டுமாயின் யாரிடம் செல்வது? அவர் வல்லவர்தாம் என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் வில் என்பது எத்தகைய பொருள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழந்தமிழில் வில்லுக்குச் சிலை என்றும் கொடுமரம் என்றும் பெயர்கள் உண்டு. சிலை என்பது ஒருவகை மரத்தின் பெயராகவும் வழங்கிற்று. கொடுமரம் என்றால் வளைந்த மரம். ஆயினும், மரத்தை வளைப்பது மட்டும் வில் தொழில் ஆகிவிடாது. வளைந்த மரத்தினுள்ளே இரண்டு வேறுபட்ட செயல்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இலக்கை நோக்கியுள்ள புறமுகம் இழுபட்டு நீள்கிறது. எய்பவரை நோக்கியுள்ள அகமுகம் நெருக்குண்டு குறுகுகிறது. புறமுகத்தில் ஒரு நார் அறுபட்டிருந்தாலும் முறிவு அங்கிருந்தே தொடங்கும். அகமுகம் வலுவற்றதாயின், மரம் மடிந்து, வில் தன் விசையை இழந்துவிடும். ஆகவே, ஒரே துண்டு மரத்தில் இழுப்பைத் தாங்கும் முகமும் நெருக்கத்தைத் தாங்கும் முகமும் அமையுமாறு தேர்ந்தெடுப்பதே வினைஞரின் முதற் கடமையாகும்.

மூங்கிலை எடுத்துக்கொள்வோம். அதன் வலிய நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருங்கியிருக்கின்றன. உட்புறம் செல்லச் செல்ல அவை அருகிவிடுகின்றன. எனவே தேர்ந்த வினைஞர் வெளித்தோலைக் கத்தியால் தொடாமல் அதனையே புறமுகமாக வைத்துக்கொண்டு, உட்புறத்தை மட்டும் சீவுவார். பனையும் இத்தகையதே. தேக்கு முதலிய மரங்களில் வைரம் நடுவே இருக்கும்; பனையிலோ வைரம் ஓரத்தில் இருக்க, நடுப்பகுதி சோறாக இருக்கும். இங்கிலாந்தில் பெயர்பெற்ற நெடுவில் ‘யூ’ என்னும் மரத்தால் ஆனது. அம்மரத்தின் வெளிர்நிற வெளிமரம் இழுப்பைத் தாங்கும். செந்நிற உள்மரம் நெருக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்திலிருந்து வில்லுக்கான கட்டையைப் பிளந்து எடுத்தனர். நாடுகள் வேறு, மரங்கள் வேறு. ஆயினும் வினைஞர் கண்டறிந்த நெறி ஒன்றே.

இரண்டாவது கடமை சீவுதல். வில் பிடியிலிருந்து இரு நுனிவரையிலும் ஒழுங்காக வளைய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மிகுதியாக வளைந்தால் பளு முழுவதும் அங்கே குவிந்து முறிவு நேரும். இங்கே கணிதம் ஒன்று இருக்கிறது. மரத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிறது. கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் நூற்றுக்கு 27 பங்கு போய்விடுகிறது. சீவிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவேதான் வினைஞர் சிறிது சீவுகிறார். நாணேற்றிச் சிறிதே இழுக்கிறார். தள்ளி நின்று வளைவைப் பார்க்கிறார். விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் மீண்டும் சீவுகிறார். இழுப்பின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். இவ்வாறு மரம் வளையப் பழகுகிறது. இக்கணக்கை ஏட்டில் எழுதிவிடலாம். ஆனால், ‘இன்னும் ஒரு சீவல் போதும்’ என்று கைக்குச் சொல்லும் அறிவை ஏட்டில் எழுதுவது அரிது.

இவ்வறிவுக்கு நேரக்கூடிய இடர் யாது? கைலாசநாதர் கோயிலின் கல் வில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அது வடிவத்தைக் காட்டும்; மரத்தின் நார் எப்பக்கம் இருந்தது என்பதைக் காட்டாது. பல்லவர் படையினர் ஏந்திய மரவில்லோ நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாகும் பொருள். மரம் நெடுங்காலம் நிலைபெற வேண்டுமாயின், காற்று எளிதில் புகாத இடத்தில் அது கிடக்க வேண்டும். காஞ்சி மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. வரதராசப் பெருமாள் கோயில் திருக்குளத்தில், நீருக்கடியில் எழுந்தருளியிருக்கும் அத்திமரத் திருமேனியை 1979ஆம் ஆண்டிலும், நாற்பது ஆண்டுகள் கழித்து 2019ஆம் ஆண்டிலும் வெளியே எழுந்தருளச் செய்தபோது இலட்சக்கணக்கானோர் கண்டு வழிபட்டனர்.

அவ்வாறே நீருக்கடியில் கிடந்த மரவில்களும் உண்டு. 1545ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையருகே ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. 1982ஆம் ஆண்டில் அதன் உடற்பகுதியை மேலே கொணர்ந்தனர். அக்கப்பலின் அகழாய்வில் 170க்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. கடலடிச் சேறு அவற்றைக் காத்திருந்தது. அதற்கு முன்னர், அந்நாட்டின் பழைய போர்வில்லைப் பற்றி அறிஞர்கள் பெரும்பாலும் ஓவியங்களையும் ஆவணங்களையும் கொண்டே ஊகித்து வந்தனர். கிடைத்த வில்களை அளந்து, அதே மரத்தில் புதியன செய்து சோதித்த பின்னரே, அவற்றுட் பலவற்றை இழுக்க 100 பவுண்டுக்கும் மிக்க விசை வேண்டும் என்பது தெளிவாயிற்று. விந்தை யாதெனில், கப்பல் மூழ்கிய அதே 1545ஆம் ஆண்டில் ரோஜர் ஆஸ்கம் என்பவர் வில்லாண்மையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அது எய்பவர் எழுதிய நூல்; செய்பவர் எழுதிய நூல் அன்று. நூல் கையில் இருந்தும், செய்முறையை அறியக் கடலடியில் கிடந்த மரத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

நமக்கு அத்தகைய கடற்சேறு வாய்க்கவில்லை. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்லும் பழக்கம் ஒன்றே நம்மிடம் உள்ள காப்பு. அப்பழக்கம் எங்கே அறாமல் இருக்கிறது? சேர மன்னர் தம் கொடியில் வில்லைப் பொறித்தனர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். சேரநாட்டு மலைப்பகுதியான வயநாட்டில் குறிச்சியர் என்னும் பழங்குடியினர் வில்லாண்மையில் பெயர் பெற்றவர்கள். பழசி மன்னரின் போரில், 1802ஆம் ஆண்டு பனமரத்திலிருந்த ஆங்கிலேயர் காவல்நிலையைக் கைப்பற்றியோருள் குறிச்சியர் தலைவர் தலைக்கல் சந்துவும் ஒருவர். வடக்கே சார்க்கண்டின் சந்தாலர், முண்டர் ஆகியோரிடமும், இராசத்தானத்துப் பீல் மக்களிடமும் மூங்கில் வில் மரபு உண்டு. 1988, 1992, 1996ஆம் ஆண்டுகளில் ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டின் சார்பில் எய்த லிம்பாராம், இராசத்தானத்துப் பழங்குடியில் பிறந்து இளமையில் மூங்கில் வில்லில் பழகியவரே.

தமிழ்நாட்டிலும் மரவில் ஒன்று வாழ்கிறது. அது எய்யும் வில் அன்று, இசைக்கும் வில். திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் வில்லுப்பாட்டுக்கு உரிய வில், வைரம் பாய்ந்த பனையில் ஏறத்தாழ 10 அடி நீளமாக அமைவது. மணிகள் கட்டி, தோல் நாண் பூட்டி, குடத்தின்மேல் சார்த்தி வைத்து, வீசுகோலால் நாணைத் தட்டுவார்கள். பாட்டு முடியும்வரை அந்த இழுப்பையும் அடியையும் மரம் தாங்க வேண்டும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இக்கலையை நகர மேடைகளுக்குக் கொண்டுவந்தார். பூங்கனி அம்மையார் 2018ஆம் ஆண்டிலும், சுப்பு ஆறுமுகம் 2022ஆம் ஆண்டிலும் மறைந்தனர். பாடியவரின் குரலை ஒலிப்பதிவில் காத்து வைக்கலாம். வில் செய்தவரின் கையை எதில் பதிவு செய்வது?

இனி, வல்ல வினைஞரை அறியும் வழியைச் சொல்கிறேன். முதலாவதாக, மரத்தைப் பற்றிக் கேளுங்கள். எப்போது வெட்டியது, எத்தனை காலம் நிழலில் உலர்ந்தது, எது புறமுகம் என்பவற்றுக்கு அவர் தயங்காமல் விடை சொல்ல வேண்டும். இரண்டாவதாக, நாணேற்றிய வில்லைத் தள்ளி நின்று பாருங்கள். இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா, நாண் பிடியின் நடுவே நேராகச் செல்கிறதா என்று நோக்குங்கள். மூன்றாவதாக, அவர் உங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையைக் கவனியுங்கள். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடாதே என்பார். வேலை முடிந்ததும் நாணை இறக்கிவை என்பார். அம்பு இல்லாதபோது விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதனை உடைக்கக்கூடும் என்பதை அறிந்தவரின் சொல் அது. நான்காவதாக, அவர் செய்த வில்லை நெடுநாள் கையாண்டவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். இதுவே தலையாய சோதனை.

காஞ்சியில் பட்டுச் சேலை வாங்கத் தெரிந்தவர் நிறத்தைக் கண்டு மட்டும் மயங்குவதில்லை. உடலும் கரையும் இணையும் கோர்வையைத் திருப்பிப் பார்ப்பார். அவ்வாறு பார்ப்போர் இருக்கும்வரை கோர்வை நெய்யும் கையும் இருக்கும். நயம் அறிந்து கேட்போர் இல்லாத ஊரில் நயமாகச் செய்வோர் நிலைப்பதில்லை. வில்லுக்கும் நெசவுக்கும் இடையே இதைவிட நெருங்கிய உறவும் உண்டு. துருக்கியின் புகழ்பெற்ற விற்களுக்குப் பட்டுநூலையே திரித்து நாணாக்கினர்.

நம் நாட்டு வில்லாண்மைப் போட்டிகளில் ‘இந்தியச் சுற்று’ என்ற பிரிவு உள்ளது. மூங்கிலாலும் மரத்தாலும் ஆன எளிய வில்லைக் கொண்டு 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் எய்வது அதன் முறை. மாணவர் சிலர் அதிற் பழகத் தொடங்கினாலும், அவர்களுக்கு வில் வேண்டும். வில் வேண்டுமாயின் வினைஞர் வேண்டும். வினைஞருக்கு வேலை கிடைத்தால் அவர் மகனோ மகளோ உளியைக் கையில் எடுக்கக்கூடும். வல்ல வினைஞரைத் தேடுவது என்பது ஒரு முகவரியைத் தேடுவது மட்டும் அன்று. அவருடைய வேலையை மதிப்பிட நாம் கற்றுக்கொள்வதும் அத்தேடலில் அடங்கும். அடுத்த முறை கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும்போது அந்தக் கல் வில்லின்முன் சற்று நில்லுங்கள். அதற்கு மாதிரியாக நின்ற மரவில்லைச் செய்தவர் யாரோ ஒருவர் இந்நகரில் வாழ்ந்திருப்பார் அல்லவா? அவர் கையறிந்தது கல்லில் ஏறவில்லை. இன்று வாழ்வோர் கையறிந்ததையாவது நாம் இழக்காதிருப்போமாக.